ஸ்கேனரை இஷ்யூ பட்டியலுடன் இணைத்தல்: ஒரு விமர்சனம்

நிரலிலும் அது சார்ந்திருக்கும் நூலகங்களிலும் உள்ள பாதுகாப்பு ஓட்டைகளைத் தேடும் கருவி ஸ்கேனர் எனப்படுகிறது. அது கண்டுபிடிப்பவற்றை நிரல் களஞ்சியத்தின் இஷ்யூ பட்டியலில் தானாகவே பதியவைப்பது இன்று பரவலான வழக்கம். ட்ரிவி, ஸாப் போன்ற கட்டற்ற கருவிகளைக் கிட்ஹப் அல்லது கிட்லேபுடன் இணைக்கச் சில வரிகள் போதும். விழுப்புரம் மாவட்டத்தில் கட்டற்ற மென்பொருளைப் பரப்பிவரும் விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழு போன்ற அமைப்புகளின் துணையிருந்தால், செஞ்சியில் இருக்கும் ஒரு கல்லூரி மாணவரும் ஒரே மாலையில் இதைச் செய்து முடிக்கலாம். இணைத்ததோடு வேலை முடிந்தது என்று நினைப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸோஹோவின் மேனேஜ்எஞ்சின் பிரிவு, ஏடிசெல்ஃப்சர்வீஸ் பிளஸ் என்ற மென்பொருளை வெளியிடுகிறது. அதில் இருந்த சிவிஇ-2021-40539 என்னும் ஓட்டைக்கான திருத்தம் 2021 செப்டம்பர் 6 அன்று வந்தது. பத்து நாளில் அமெரிக்காவின் எஃப்பிஐ, சிசா ஆகியவை கூட்டாக எச்சரித்தன. ஆனாலும் நவம்பர் 9 அன்று இதே ஓட்டை வழியாகச் சர்வதேச செஞ்சிலுவைக் குழுவின் சர்வருக்குள் தாக்குநர்கள் நுழைந்தனர். 5,15,000-க்கும் மேற்பட்டோரின் விவரங்கள் அம்பலமாயின. நுழைவு தெரியவர எழுபது நாள் ஆனது. இது களஞ்சியத்தில் நடந்த பிழை அல்ல, நிறுவிய மென்பொருளைப் புதுப்பிக்கத் தவறியது. ஆனால் நமது கேள்விக்குப் பொருந்தும்: ஓட்டை உலகறிந்தது, திருத்தமும் தயார். குறைவாக இருந்தது தகவல் அல்ல.

எக்விஃபாக்ஸ் கதை இன்னும் கசப்பானது. அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் ஓட்டை பற்றிய எச்சரிக்கை 2017 மார்ச்சில் நிறுவனத்துக்குள் மின்னஞ்சலாகச் சுற்றியது. பெறுநர் பட்டியல் பழையதாக இருந்ததால் திருத்த வேண்டியவருக்கு அது போய்ச் சேரவில்லை. மார்ச் 15 அன்று ஓடிய ஸ்கேனும் ஒன்றையும் காணவில்லை. மே மாதம் தாக்குதல் தொடங்கியது, சுமார் 14.7 கோடிப் பேரின் விவரங்கள் பறிபோயின.

தானியங்கி டிக்கெட் முதல் குறையைப் போக்கும் என்பதே அதன் ஆதரவாளர்கள் சொல்லும் காரணம். பாதி உண்மை. டிக்கெட்டில் பொறுப்பாளர் பெயர் இருந்தால்தான் அது போகும். நடைமுறையில் முதல் நாள் ஸ்கேன் நூற்றுக்கணக்கான டிக்கெட்டுகளைக் கொட்டிவிடுகிறது. அவற்றில் பெயர் இருப்பதில்லை. நிரலின் மேல் இரண்டு வரி சேர்த்தால் வரி எண் மாறி, அதே ஓட்டை புதிய டிக்கெட்டாக மறுபடி முளைக்கிறது. இதற்காகவே சாரிஃப் வடிவத்தில் ஒவ்வொரு கண்டுபிடிப்புக்கும் கைரேகை போன்ற அடையாளம் வைக்க இடம் இருக்கிறது. டிஃபெக்ட்டோஜோ போன்ற கருவிகள் இரட்டிப்பை வடிகட்டுகின்றன. அவசரமாக எழுதிய இணைப்பு நிரல்களில் பெரும்பாலும் விடுபடுவது இந்தப் பகுதிதான். சோதனைக்கு மட்டும் பயன்படும் நூலகத்துக்கும் 'மிகத் தீவிரம்' என்ற சிவப்பு முத்திரை விழுகிறது. இரண்டு வாரத்தில் யாரும் அந்தப் பட்டியலைத் திறப்பதில்லை.

செஞ்சிக் கோட்டைக்கும் இந்த அனுபவம் உண்டு. 1690 முதல் 1698 வரை முகலாயப் படையைக் காக்கவைத்த மதில்கள்தான், 1750-இல் புஸ்ஸியின் பிரெஞ்சுப் படையிடம் ஒரே இரவில் வீழ்ந்தன.

பொதுக் களஞ்சியத்தில் இன்னொரு ஆபத்து, அங்கே இஷ்யூ பட்டியல் யார் கண்ணுக்கும் தெரியும் என்பது. திருத்தாத ஓட்டையைக் கோப்பின் பெயர், வரி எண்ணுடன் அங்கே பதிவது, வீட்டுச் சாவி எந்தக் கல்லுக்கு அடியில் இருக்கிறது என்று வாசலில் எழுதி ஒட்டுவதற்குச் சமம். கிட்ஹப் தன் ஸ்கேன் எச்சரிக்கைகளை எழுதும் உரிமை உள்ளவர்களுக்கு மட்டும் காட்டுவதும், 2023-இல் தனிப்பட்ட முறையில் ஓட்டையை அறிவிக்கும் வசதியை எல்லோருக்கும் திறந்ததும் இதனால்தான். தன்னார்வலர்கள் நடத்தும் சிறு தமிழ் மென்பொருள் திட்டங்கள் இதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும்.

அடுத்த ஸ்கேனில் ஓட்டை தெரியாவிட்டால் டிக்கெட்டைத் தானே மூடும் அமைப்பு பலருக்குப் பிடித்தது. பட்டியல் சுத்தமாகத் தெரியும். ஆனால் ஸ்கேனர் வேறு அடைவைப் பார்த்திருக்கலாம், பாதியில் நின்றிருக்கலாம். எக்விஃபாக்ஸிடம் இந்த அமைப்பு இருந்திருந்தால், மார்ச் 15 அன்று அந்த டிக்கெட் 'சரிசெய்யப்பட்டது' என்று மூடப்பட்டிருக்கும்.