நூறும் அறுநூறும்

கேபிளைச் செருகி, வைஃபையையும் இணைத்துவிட்டு, லினக்ஸ் டெர்மினலில் 'ஐபி ரூட்' என்று தட்டிப் பாருங்கள். வெளியே போகும் வழி இரண்டு வரிகளில் வரும். ஒன்றில் மெட்ரிக் 100, மற்றதில் 600. எண் சிறியதாக இருக்கும் வழியே முந்தும். நெட்வொர்க் மேனேஜர் ஈதர்நெட்டுக்கும் வைஃபைக்கும் இயல்பாகத் தரும் எண்கள் இவை. கேபிளுக்கு முதலிடம் தருவது எப்படி என்று தேடுகிற பலருக்கு அது ஏற்கெனவே கிடைத்திருக்கிறது.

அந்த முதலிடத்தில் நியாயமும் உண்டு. வைஃபையில் ஒரே அலைவரிசையை வீட்டுக் கருவிகள் எல்லாம், பல நேரம் பக்கத்து வீட்டு ரூட்டரும், முறைவைத்துப் பங்கிட வேண்டும். கேபிளில் அந்தக் காத்திருப்பு இல்லை. வேகத்தைவிடத் தாமதம் சீராக இருப்பதுதான் பெரிய லாபம். வீடியோ அழைப்பில் பேச்சு அறுந்து அறுந்து வராது. கேபிளைப் பிடுங்கினால் 600 தானாகப் பொறுப்பேற்கும். முகவரி மாறுவதால், திறந்திருக்கும் எஸ்எஸ்ஹெச் அமர்வு மட்டும் செத்துப்போகும்.

ஆனால் இந்த எண் இணைப்பின் இனத்தைப் பார்க்கிறதே தவிர, அதன் உடல்நிலையைப் பார்ப்பதில்லை. கிகாபிட் வேகத்துக்கு நான்கு ஜோடிக் கம்பிகளும் வேண்டும். ஒன்று பழுதானால் இணைப்பு 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிடக்கூடும். பக்கத்திலேயே வைஃபை 300 மெகாபிட் தந்தாலும் கேபிள்தான் ராஜா. ரூட்டர் விளக்கு எரிந்து இணையம் செத்திருந்தால் இன்னும் மோசம். இதற்கு நெட்வொர்க் மேனேஜரில் ஓர் அழகான மருந்து இருக்கிறது: இணையம் எட்டுகிறதா என்று சோதித்து, எட்டாத வழியின் மெட்ரிக்கில் 20000 கூட்டிவிடும். 20100 ஆன கேபிளை 600 தாண்டிவிடும். ஆனால் டெபியனிலும் உபுண்டுவிலும் அந்தச் சோதனைக்கான அமைப்பு தனி பேக்கேஜாக வருகிறது. அது இல்லாத கணினியில் மருந்தும் இல்லை.

எளிதில் கண்ணில் படாத ஓட்டை ஐபிவி6. கேபிள் இணைப்பில் ஐபிவி4 மட்டும் வருகிறது, கைபேசி ஹாட்ஸ்பாட்டில் இரண்டும் வருகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐபிவி6-இல் கேபிள் போட்டிக்கே வரவில்லை. பல செயலிகளோ ஐபிவி6-ஐத்தான் முதலில் நாடும். கேபிளைச் செருகிய நிம்மதியில் படம் பார்ப்போம், கரைவது கைபேசி டேட்டா. 100 என்ற எண் இங்கே பொய் சொல்லவில்லை, அதை யாரும் கேட்கவே இல்லை.

இதனால் சிலர், கேபிள் செருகியதும் வைஃபையையே அணைக்கும் டிஸ்பேட்சர் ஸ்கிரிப்ட் (இணைப்பு மாறும்போது நெட்வொர்க் மேனேஜர் தானாக ஓட்டுவது) எழுதிவிடுகிறார்கள். எனக்கு அது கொசுவுக்குப் பயந்து ஜன்னலைச் சுவராக்குவது போலத் தெரிகிறது. குழப்பம் போகிறது, கூடவே மாற்று வழியும் போகிறது. கேபிளில் விளக்கு எரிந்து இணையம் இல்லாத நாளில் 20000 கூட்டினாலும் போக இடமில்லை. இணையச் சோதனை ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு, ஹாட்ஸ்பாட் இணைப்பின் அமைப்பில் மட்டும் ஐபிவி6-ஐ நிறுத்தினால் போதும். 100, 600 இரண்டையும் தொடவே வேண்டாம்.