பலகைமேல் ஒரு படலம்

ஏசி, வாஷிங் மெஷின் ஆகியவற்றின் சர்க்யூட் பலகையில் ஈரமும் தூசும் தாமிரத் தடங்களை அரிக்காதிருக்கப் பூசப்படும் காப்புப் படலம், அக்ரிலிக் வகையாயின் பொதுவாக 0.03 முதல் 0.13 மில்லிமீட்டர் தடிமனே கொண்டது. பழுதான உறுப்பைச் சுற்றியுள்ள படலத்தை மட்டும் அகற்றுவதில்தான் பழுதுபார்ப்பவரின் கைப்பக்குவம் வெளிப்படுகிறது. அக்ரிலிக், கரைப்பானில் நனைத்த பஞ்சுக்கு இளகிவிட, எளிதில் கரையாத சிலிக்கோனை மழுங்கிய பிளாஸ்டிக் முனையால் தடம் கீறாமல் நெம்பி உரிக்க வேண்டியிருக்கிறது. பாலியூரித்தேன் படலத்தைச் சால்டரிங் அயர்னால் சுட்டே துளைப்பது விரைவான வழிதான், ஆனால் அதன் புகை நுரையீரலுக்கு நஞ்சு. மாற்று உறுப்பைப் பற்றவைத்தபின் ஃப்ளக்ஸ் எனும் பற்றுப்பசையின் எச்சத்தைத் துடைத்து, பலகையை நன்கு உலர்த்தி, கனெக்டர் முனைகளை நாடாவால் மறைத்தே மறுபூச்சு இடப்படுகிறது. ஒளிரும் சாயம் கலந்த பூச்சாயின், புற ஊதா விளக்கின்கீழ் பூசிய பரப்பு நீலமாக மின்ன, தூரிகை தவறவிட்ட இடம் கருமையாகத் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது.