வசனம் தெரியும், அதிகாரம்?

ஞாயிறு பள்ளியில் வாரத்துக்கு ஒரு மனப்பாட வசனம். மே மாத விடுமுறை வேதாகமப் பள்ளியில் நாளுக்கு ஒன்று. டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்து, வாக்குத்தத்த அட்டையோடு வீடு திரும்பும்போது குடும்பத்துக்கே ஒன்று. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களின் பக்தி வாழ்க்கையில் இந்தப் பழக்கம் ஊறிப்போன ஒன்று. ஆனால் முழு வேதாகமமும் செல்போனில் இருக்கும்போது மனப்பாடம் எதற்கு என்று இப்போது வீட்டுப் பிள்ளைகளே கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. மனப்பாடம் கட்டாயம் வேண்டும் என்பதே என் பதில். ஆனால் இன்று நாம் செய்கிற விதத்தில் அதன் பாதிப் பயன்தான் நமக்குக் கிடைக்கிறது.

இந்த மண்ணில் திருச்சபை வேர்விட்ட கதையில் நினைவாற்றலுக்குப் பெரிய பங்கு உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் இந்த வட்டாரம் திருநெல்வேலி ஜில்லாவின் வடபகுதியாக இருந்தது. சி.எம்.எஸ். மிஷனெரி ராக்லாந்து 1854-இல் தோழர்களுடன் இங்கே வந்து, கூடாரம் அடித்து ஊர் ஊராகச் சுற்றும் ஊழியத்தைத் தொடங்கினார். 1858-இல் சிவகாசியிலேயே இறந்தார். அவர் காலம் முடிந்து 40 ஆண்டுகள் கடந்த பிறகும், 1901 குடிக்கணக்கின்படி இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில்தான் இருந்தார்கள். கரிசல்காட்டில் கூலி வேலை செய்த ஒரு விசுவாசிக்கு, காதில் விழுந்து மனதில் தங்கியது மட்டுமே வேதம்.

வேதாகமமும் அப்படிப்பட்டவர்களை மனதில் வைத்தே அமைந்திருக்கிறது. 119-ஆம் சங்கீதத்தில் 176 வசனங்கள். எபிரெய நெடுங்கணக்கின் 22 எழுத்துகளையும் வரிசையாக எடுத்து, எழுத்துக்கு எட்டு வசனமாகக் கட்டியிருக்கிறார் சங்கீதக்காரர். அடுத்து வருவது எது என்று நாவே எடுத்துக்கொடுக்கும் அமைப்பு அது. உபாகமம் ஆறாம் அதிகாரமும் கட்டளைகளை இருதயத்தில் வைக்கச் சொல்லிவிட்டு, வீட்டில் உட்காரும்போதும் வழியில் நடக்கும்போதும் படுக்கும்போதும் எழும்போதும் அவற்றைப் பேசச் சொல்கிறது. புத்தகத்தைத் திறக்க முடியாத நேரங்கள்தான் அந்தப் பட்டியலில் அதிகம்.

ராஜபாளையம் நூற்பாலைகளின் நைட் ஷிப்டை எண்ணிப் பாருங்கள். ஸ்பின்னிங் பகுதியில் வேலை பார்க்கும் பெண்ணின் இரண்டு கைகளுக்கும் ஓய்வில்லை. வரிசையாகச் சுழலும் கதிர்களுக்கு நடுவே எங்கே நூல் அறுந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டே நடக்க வேண்டும். அறுந்த இடத்தில் நின்று ஒட்ட வேண்டும். மறுபடி நடக்க வேண்டும். இயந்திர இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது. செல்போனை எடுக்க வழியில்லை. அதிகாலை மூன்று மணிக்குக் கண் சொக்கும்போது, சிறுவயதில் படித்த 121-ஆம் சங்கீதம் உதட்டில் வந்தால், அதுதான் அவளுக்கு அன்றைய ஜெபம். பார்வை மங்கிய முதியவருக்கும் இதுவே நிலை. வேண்டிய நேரத்தில் தானாக வந்து நிற்கிறது மனதில் இருக்கும் வசனம். செல்போனில் இருப்பதையோ நாம்தான் போய்த் தேட வேண்டும். துக்கம் நெஞ்சை அடைக்கும்போது தேடத் தோன்றுவதில்லை. மனப்பாடத்தின் முதல் வலிமை இது.

குறைகளுக்கு வருவோம். முதலாவது, நறுக்குவது. இன்று புழங்கும் வசன எண்களைப் புதிய ஏற்பாட்டுக்கு 1551-இல் இட்டவர் ராபர்ட் எஸ்தியேன் என்ற அச்சகத்தார். இடம் கண்டுபிடிக்க உதவிய அந்த எண்களை நாம் வெட்டுக்கோடுகளாக்கிவிட்டோம். எரேமியா 29:11 இல்லாத வாக்குத்தத்த அட்டைக் கட்டு அரிது. அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எருசலேமிலிருந்து எழுதிய கடிதத்தின் ஒரு வரி. அதற்கு முந்தின வசனம், விடுதலைக்கு 70 ஆண்டுகள் ஆகும் என்கிறது. கேட்டவர்களில் பெரும்பாலோர் அதைக் காணாமலேயே கண்மூடியிருப்பார்கள். அதற்கும் மேலே, அந்நிய ஊரிலேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள் என்று வருகிறது. தலைமுறைகள் தாண்டிக் காத்திருக்கச் சொன்ன கடிதம், இந்த வருடமே வேலை கிடைக்கும், வீடு முடியும் என்ற உறுதிமொழியாகச் சுருங்கிவிடுகிறது. வருட முடிவில் அது நடக்காதபோது, பழி தேவன்மேல் விழுகிறது.

இந்த ஆபத்தை மத்தேயு நான்காம் அதிகாரமே காட்டுகிறது. வனாந்தரத்தில் இயேசு மூன்று சோதனைகளுக்கும் உபாகமத்திலிருந்தே பதில் சொன்னார். மனப்பாடத்தை ஆதரிப்போர் எல்லோரும் எடுத்துக்காட்டும் இடம் இது. ஆனால் நடுவில் பிசாசும் வேதத்தைச் சொல்கிறான். 91-ஆம் சங்கீதத்தில், தனக்கு வேண்டிய துண்டை மட்டும் எடுத்துச் சொல்கிறான். வசனம் தெரிந்திருப்பது ஒருவனை நல்லவனாக்கிவிடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? அந்தத் துண்டின் எல்லை எது என்று காட்ட வேதத்தின் இன்னொரு பகுதி தேவைப்பட்டது. முழுவதையும் உள்வாங்கியவரால்தான் அதை எடுத்துக்கொடுக்க முடிந்தது.

இந்த இடத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு அக்கம்பக்கத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது. ஆண்டாளின் திருப்பாவையை மார்கழி முழுவதும் வைணவ அன்பர்கள் ஓதுகிறார்கள். 30 பாசுரங்களும் வரிசை மாறாமல், கூட்டாக ஓதப்படுகின்றன. பெரியவாச்சான் பிள்ளை போன்றோர் எழுதிய வியாக்கியானங்களும் கூடவே வருகின்றன. நாலாயிரத் திவ்வியப் பிரபந்தம் மீண்டு வந்த வரலாறாக வைணவ மரபு சொல்வதும் இதையொட்டியதே. சிலர் பாடிய பத்துப் பாசுரங்களைக் கேட்ட நாதமுனிகள், அது ஆயிரத்தில் ஒரு பகுதி என்று பாட்டே சொல்வதைக் கவனித்து, மீதி எங்கே என்று தேடிப் புறப்பட்டார். நம் பிள்ளை ஒரு வசனத்தை ஒப்பிக்கும்போது நாம் கேட்க வேண்டிய கேள்வியும் அதுதான்: மீதி எங்கே?

இரண்டாவது குறை, பொறுக்குவது. சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல். நம் மனப்பாடப் பட்டியலிலோ ஆசீர்வாதமும் பாதுகாப்புமே நிறைந்திருக்கின்றன. கர்த்தர் தன்னை மறந்துவிட்டாரோ என்று வாய்விட்டுக் கேட்கும் 13-ஆம் சங்கீதம் ஆறே வசனம். அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவர்கள் குறைவு. யாக்கோபு இரண்டாம் அதிகாரத் தொடக்கம், சபைக்குள் வரும் பணக்காரனுக்கு நல்ல இடமும் ஏழைக்குக் கால்மாட்டில் இடமும் கொடுப்பதைப் பாவம் என்கிறது. சாதி பார்த்துப் பெண் எடுக்கிற, சாதி பார்த்து ஓட்டுப் போட்டுச் சபைத் தேர்தல் நடத்துகிற தமிழ்க் கிறிஸ்தவர்களாகிய நமக்கு இதைவிட அவசியமான மனப்பாடப் பகுதி எது? நம்மைத் தேற்றுவதை மட்டும் நெஞ்சில் வைத்துக்கொண்டு, நம்மைக் கண்டிப்பதைப் புத்தகத்திலேயே விட்டுவிடுகிறோம்.

மூன்றாவது, வசனத்தை நேரம் பாராமல் எடுத்து வீசுவது. இளம் மகனைப் பறிகொடுத்த வீட்டில், உடல் எடுக்கும் முன்பே ரோமர் 8:28-ஐச் சொல்லித் தேற்ற முயல்பவர்களைப் பார்த்திருக்கிறோம். அந்த வசனம் உண்மை. ஆனால் அது கேட்பவருக்கான நேரம் அல்ல. யோபுவின் நண்பர்கள் முதல் ஏழு நாள் அவனோடு தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசவில்லை. அதுவரை அவர்கள் நல்ல நண்பர்கள். வாய் திறந்த பிறகுதான் காயப்படுத்தினார்கள். மனதில் வசனம் இருப்பவருக்கு, அதைச் சொல்லாமல் வைத்திருக்கும் பக்குவமும் வேண்டும்.

கடைசியாக, பரிசு. போட்டி வைத்தால் பிள்ளைகள் படிப்பார்கள் என்பது உண்மைதான். ஆனால் மூச்சுவிடாமல் வேகமாக ஒப்பிப்பவருக்குக் கோப்பை என்றால், பொருளை யோசிக்கும் பிள்ளை தோற்கும். திடப்படுத்தல் முடிந்ததும் போட்டியும் முடிகிறது. அதோடு மனப்பாடமும் நின்றுபோகிறது. பெரியவர்கள் பிள்ளைகளிடம் வாங்குகிறார்களே தவிர, தாங்கள் கற்பதில்லை.

இந்தக் குறைகளுக்கெல்லாம் மருந்து ஒன்றுதான். வசனத்தை விட்டுப் பகுதிக்கு மாற வேண்டும். 121-ஆம் சங்கீதம் எட்டு வசனம். ஒன்று கொரிந்தியர் 13 பதின்மூன்று வசனம். மலைப்பிரசங்கத்தின் பாக்கியவசனங்கள் ஒரு மாதத்துக்குள் அடங்கும். மாதம் ஒரு பகுதியைக் குடும்ப ஜெபத்தில் எல்லோரும் சேர்ந்து சொல்லலாம். யார் யாருக்கு, எந்த நிலையில் இதைச் சொன்னார் என்று கொஞ்ச நேரம் பேசலாம். மூன்று ஆறுதல் பகுதிகளுக்கு ஒரு புலம்பலும் ஒரு கண்டனமும் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். தொடக்கத்தைப் பெரியவர்கள் செய்ய வேண்டும். சபைக் கமிட்டியில் இருப்பவர்கள் யாக்கோபு இரண்டாம் அதிகாரத்தின் முதல் ஒன்பது வசனங்களை முதலில் மனப்பாடம் செய்யட்டும். அடுத்த தேர்தலுக்கும் அடுத்த கல்யாணப் பேச்சுக்கும் உட்காரும்போது அது அவர்கள் நினைவுக்கு வரட்டும்.