சொல்லை அடிப்பது

எதுகைக்காக விழுந்த சொல் என்று மரபுக் கவிஞன் சாக்குச் சொல்லலாம். புதுக்கவிதையில் அது செல்லாது. 1968இல் சி. மணியின் ‘நடை’ வெளிவந்த சேலத்துச் சீமையிலும் மாணவர்களுக்கு இதைச் சொல்லவேண்டியிருக்கிறது.

நாமக்கல் பக்கத்து மாணவன் ஒருவன் எழுதியிருந்தான்:

வற்றிய கிணற்றடியில்
சோகம் நிற்கிறது
கண்ணீர் வடித்தபடி

அங்கே என்ன நிற்கிறது என்று கேட்டேன். ‘பழைய கவலைக் கல்லுங்க’ என்றான். மாடு பூட்டி நீர் இறைத்த கவலை. மோட்டார் வந்தபின் கல் மட்டும் மிச்சம். ‘சோகம்’ போய்க் ‘கவலைக் கல்’ வந்தது. மனக்கவலை சொல்லாமலே உள்ளே வந்துவிட்டது.

உடனே ‘கண்ணீர்’ மிகையாகத் தெரிந்தது. அதை அடிக்க அவன் சம்மதிக்கவில்லை. ‘எங்கப்பா அழுததைப் பார்த்தனுங்க.’ அழுகை மெய், சொல் இரவல் என்றேன். அவனுக்குத் திருப்தியில்லை, எனக்கும்தான்.

எலியட்டின் ‘பாழ்நில’க் கைப்பிரதி 1971இல் அச்சானபோது பவுண்டு எவ்வளவு வெட்டியிருந்தார் என்று தெரிந்தது. எல்லாவற்றையும் எலியட் ஏற்கவில்லை என்பதும் தெரிந்தது. ஆகவே நான் பென்சிலை எடுக்கவில்லை.

அடுத்த வாரம் அவனே கொண்டுவந்தான்:

வற்றிய கிணற்றடியில்
கவலைக் கல் நிற்கிறது
அப்பா சாய்ந்திருக்கிறார்

கண்ணீர் என்ற சொல் மறைத்திருந்தது அப்பாவை. நான் அடித்திருந்தால் சொல் போயிருக்கும், அப்பா வந்திருக்கமாட்டார்.