பட்டியலுக்குக் கொடுத்த உழைப்பு

கூக்கால் என்ற மலைக்கிராமத்தில் சரிவைப் படிப்படியாக வெட்டிப் பூண்டும் உருளைக்கிழங்கும் போடுகிறார்கள். கல்லைப் பொறுக்கி, மண்ணை அணைத்து, தலைமுறைகளாக உண்டாக்கிய நிலம். க.நா.சுப்ரமண்யம் தமிழில் தந்த ‘நிலவளம்’ நாவலை வாசிக்க இதைவிடப் பொருத்தமான ஊர் வேண்டியதில்லை.

நார்வேக்காரர் நட் ஹாம்சன் 1917இல் வெளியிட்ட நாவல் அது. 1920இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஐசக் என்ற முரடன் ஆளில்லாக் காட்டுக்கு வந்து குடிசை போட்டு நிலம் திருத்துகிறான். இங்கர் வருகிறாள், பசு வருகிறது, பிள்ளைகள் பிறக்கிறார்கள். கொலையும் சிறையும்கூட உண்டு. ஆனாலும் கதையை இழுத்துச் செல்வது வேலைதான்: மரம் வெட்டுவது, கிழங்கு நடுவது, கொட்டகை கட்டுவது.

இந்த இடத்தில்தான் க.நா.சு.வின் வறண்ட நடை ருசிக்கத் தொடங்குகிறது. ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் மேல்நாட்டுக் கதைகளுக்குத் தமிழ் வேஷம் கட்டிப் பழக்கிய வாசகர்கள் நாம். க.நா.சு. அதைச் செய்யவில்லை. ஐசக் ஐசக்காகவே இருக்கிறான். பனி பனியாகவே பெய்கிறது. உணர்ச்சியை உரக்கச் சொல்லாத வாக்கியங்கள், செய்த காரியத்தை மட்டும் சொல்லிவிட்டு நகர்கின்றன. மண்ணோடு பேசும் மனிதனுக்கு அவ்வளவு பேச்சே போதும்.

வலங்கைமானில் 1912இல் பிறந்து 1988இல் டெல்லியில் மறைந்த க.நா.சு.வைப் ‘பட்டியல் போடும் விமர்சகர்’ என்று கேலி செய்தவர்கள் பலர். காரணம் சொல்லாமல் பெயர்களை அடுக்குகிறார் என்பது குற்றச்சாட்டு. அது முழுப் பொய்யல்ல. ஆனால் அந்தப் பட்டியலுக்கு அவர் தன் உழைப்பையே கொடுத்தார். லாகர்க்விஸ்டின் ‘அன்பு வழி’, செல்மா லாகர்லெவின் ‘மதகுரு’, ஆர்வெல்லின் ‘விலங்குப் பண்ணை’ என்று, நல்லது எனத் தான் சொன்னதைத் தானே ஆங்கில வழியாகத் தமிழாக்கி வாசகன் முன் வைத்தார். ‘பொய்த்தேவு’ எழுதிய கைக்குச் சொந்த நாவலுக்கான நேரம் இதில் எவ்வளவோ போயிருக்கும். எதிர்த்திசையிலும் உழைத்தார்: நீல. பத்மநாபனின் ‘தலைமுறைகள்’ நாவலை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனவர் அவர்தான்.

விமர்சனத்துக்காக 1986இல் அவருக்கு சாகித்ய அகாதெமி விருது தந்தார்கள். என்னைக் கேட்டால், அவருடைய மிகச் சிறந்த விமர்சனம் இந்த மொழிபெயர்ப்புகள்தான். காரணம் கேட்டவர்களுக்கு அவர் புத்தகத்தையே கையில் கொடுத்துவிட்டார்.