சுஜாதா: ஏடும் திரையும்

பொறியியலும் புனைகதையும் ஒருவரிடத்தே கூடி வாழ இயலுமா என்னும் வினாவுக்கு விடையாய் விளங்கியவர் சுஜாதா. 1935 ஆம் ஆண்டு சென்னையில் பிறந்து, திருவரங்கத்தில் பாட்டியின் அரவணைப்பில் வளர்ந்த ரங்கராஜன், தம் துணைவியாரின் பெயரையே புனைபெயராகக் கொண்டார். பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பணியாற்றியபோது மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்திலும் பங்கேற்றார். அலுவலுக்கிடையே அவர் எழுதிக் குவித்தவை நாவல், சிறுகதை, நாடகம், அறிவியற் கட்டுரை எனப் பலவாகும். திருக்குறளுக்கு உரையும் கண்டார்.

1968 இல் குமுதத்தில் வெளிவந்த ‘நைலான் கயிறு’ தொட்டே அவர்தம் நடை வாசகரை ஈர்த்தது. நீண்ட வருணனைக்கு அங்கே இடமில்லை. பாத்திரம் வாய் திறந்த அளவில் அதன் வயது, கல்வி, ஊர் யாவும் புலனாகிவிடும். ஆங்கிலச் சொற்கள் மலிந்த அந்நடையை ஏற்கத் தமிழாசிரியர் பலர் தயங்கினர். அத்தயக்கத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆயினும், சொற்சிக்கனத்தை மாணவர்க்கு உணர்த்த அவரினும் தக்க சான்று கிடைத்தல் அரிது.

இச்சிக்கனமே திரைத்துறையை அவர்பால் ஈர்த்தது எனலாம். தொடக்கத்தில் திரை அவரை நன்கு பயன்படுத்திக்கொள்ளவில்லை. ‘காயத்ரி’ 1977 இலும் ‘ப்ரியா’ 1978 இலும் படங்களாயின. இலண்டனில் நிகழும் ‘ப்ரியா’ கதை, திரையில் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் இடம்பெயர்ந்தது. இவ்வட்டார மக்களுக்கு அது மகிழ்ச்சியே. ஆனால், மதிநுட்பத்தையே படைக்கலமாகக் கொண்ட வழக்கறிஞர் கணேஷ், ஆடிப்பாடிச் சண்டையிடும் நாயகனாகிவிட்டான். கதையின் உயிர்நாடி அங்கே அறுபட்டது.

பின்னாளில் படங்களுக்கு உரையாடல் எழுதியபோதுதான் சுஜாதா திரையில் வென்றார். ‘ரோஜா’ (1992), ‘இந்தியன்’ (1996) ஆகியவை பரவலாக அறியப்பட்டவை. எனினும் ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ (2002) தனித்து நோக்கத்தக்கது. தன்னைப் பெற்ற தாயைத் தேடும் சிறுமி அதில் கேட்கும் வினாக்கள் மிகச் சிறியவை. பெரியோரைத் திகைக்கச் செய்பவை.

வார இதழ்த் தொடர்களின் வேகம் அவருடைய நாவல்கள் சிலவற்றைப் பாதிக்கவும் செய்தது. விறுவிறுப்பாகத் தொடங்கும் கதை, முடிவில் அவசரமாகக் கட்டவிழும். இக்குறை ‘ஸ்ரீரங்கத்து தேவதைகள்’ தொகுப்பில் இல்லை. கொலையும் இல்லை, புதிரும் இல்லை. ஓர் ஊரின் தெருக்களும் மனிதர்களும் நிதானமாக உருப்பெறுகின்றனர். 2008 இல் மறைந்த இவ்வெழுத்தாளரை வகுப்பறைக்குள் கொண்டுவர விழையும் ஆசிரியர், துப்பறியும் கணேஷை விடுத்து அத்தெருக்களிலிருந்து தொடங்கலாம்.