காதுக்குரிய மொழி: உம்மு குல்தூம் பற்றிய ஓர் ஆவணப்படம்

எகிப்தின் பாடகி உம்மு குல்தூம் 1975 பிப்ரவரி 3ஆம் நாள் மறைந்தார். அரை நூற்றாண்டு கடந்த பின்னும் அரபுலகின் தேநீர்க் கடைகளிலும் வாடகைக் கார்களிலும் அவர் குரல் ஒலிக்கிறது. அவரைப் பற்றி அமெரிக்க இயக்குநர் மிஷல் கோல்ட்மன் 1996இல் எடுத்த ‘எகிப்தைப் போன்றதொரு குரல்’ என்னும் ஆவணப்படம், கலைஞர்களைப் பற்றிய படங்களுள் நன்கு பேசப்பட்ட ஒன்று. நடிகர் உமர் ஷரீஃப் இதற்கு ஆங்கிலத்தில் வர்ணனை அளித்துள்ளார்.

காலனி ஆதிக்கத்திலிருந்து விடுபட்டு நவீன காலத்தை எதிர்கொண்ட எகிப்தின் கதையோடு ஒரு பெண்ணின் வாழ்வை இணைத்துச் சொல்வது படத்தின் போக்கு. நைல் கழிமுகத்துச் சிற்றூர், பள்ளிவாசல் இமாமாகிய தந்தை, ஆண்பிள்ளை உடையில் சபையேறிப் பாடிய சிறுமி, 1920களில் கெய்ரோ, வானொலி வழியே மாதத்தின் முதல் வியாழன்தோறும் நிகழ்ந்த கச்சேரி, அப்துன் நாசிரின் காலம், 1967 போரின் தோல்விக்குப் பின் நாட்டுக்காக நிதி திரட்டிய பயணங்கள் என்று வரலாறு அடுக்கப்படுகிறது. பழைய கச்சேரிக் காட்சிகளே படத்தின் பெருஞ்செல்வம். பாடகி ஓர் அடியை முடிக்கிறார், அவையோர் எழுந்து “அல்லாஹ்!” என்று கூவுகின்றனர், அதே அடியை அவர் வேறொரு வண்ணத்தில் மீண்டும் தொடுக்கிறார். எகிப்தின் கிராஅத் மஜ்லிஸ்களைக் கேட்டிருப்போருக்கு இந்தக் கூவல் புதிதன்று. காரீயை நோக்கி எழும் அதே சொல்தான் இங்கும் எழுகிறது.

படத்தின் முதற்குறை இங்கேதான் தொடங்குகிறது. உம்மு குல்தூமின் ஒரு பாடல் மேடையில் ஒரு மணி நேரத்தையும் கடந்து நீள்வதுண்டு. படத்தின் மொத்த நீளமோ 67 நிமிடங்கள். கேட்போனை மெல்ல மெல்ல ஆட்கொள்ளும் நிலையை அரபியர் ‘தரப்’ என்பர். அது திரும்பத் திரும்பப் பாடுவதிலும் காத்திருப்பதிலும் விளைவது. துண்டுகளாக நறுக்கப்பட்ட காட்சிகளில் தரபின் செய்தி கிடைக்கிறது, தரப் கிடைப்பதில்லை.

இரண்டாவது குறை இதனினும் ஆழமானது. பிறப்பு முதல் இறப்பு வரை வரிசையாகச் சொல்லும் முறையில் குர்ஆன் ஓதிய குழந்தைப் பருவம் முதல் அத்தியாயமாக முடிந்துவிடுகிறது. உண்மையில் அது இறுதிவரை அவருடைய மூச்சில் இருந்தது. எழுத்துகளின் மக்ரஜ் பிசகாமை, சொல்லின் பொருளறிந்து நிறுத்துதல், மூச்சைப் பங்கிடுதல் ஆகியவை குத்தாபில் கற்ற பாடத்தின் விளைச்சல். கவிஞர் அஹ்மத் ஷவ்கியின் ‘நஹ்ஜுல் புர்தா’வை ரியாளுஸ் ஸுன்பாத்தியின் இசையில் அவர் பாடியபோது இப்பயிற்சி முழுமையாக வெளிப்பட்டது. அதே 1940களில் அவர் பாடிய ஷவ்கியின் இன்னொரு கஸீதா, நபிகள் நாயகம் (ஸல்) அவர்களைப் போற்றுவது. அதில் முயற்சியை வலியுறுத்தும் ஓரடியை, ஆங்கிலேயப் படைகள் வெளியேற வேண்டுமென்ற தங்கள் வேட்கையின் குரலாகவே எகிப்திய மக்கள் கொண்டனர். நபிப் புகழும் செந்நெறிக் கவிதையும் விடுதலை உணர்வும் அங்கே ஒன்றாக நின்றன. சமயம், கலை, அரசியல் எனத் தனித்தனியே பிரித்துக் காட்டும் பார்வைக்கு இந்த ஒருமை பிடிபடுவது அரிது.

இசைக்கருவிகள் குறித்து ஃபிக்ஹு அறிஞர்களிடையே உள்ள கருத்து வேறுபாட்டை வாசகர் அறிவர். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இஹ்யாவில் ஸமாவுக்கென்று ஒரு நூற்பகுதியையே ஒதுக்கி, கேட்பவனின் நிலையையும் காலத்தையும் இடத்தையும் கருதி ஆராய்ந்துள்ளார்கள். அவ்விவாதத்தை இங்கே தீர்க்க முற்படவில்லை. இக்குரலை விலக்குவோரும் அரபு மொழி இக்குரலில் அடைந்த தெளிவை மறுப்பதில்லை என்பதே என் கருத்து.

இப்படத்தை இறுதி வகுப்பு மாணவர் சிலருடன் பார்த்தேன். முஅல்லகாத் ஓதிய மாணவர்கள் அவர்கள். ஆயினும் பாடல் ஒலித்தபோதெல்லாம் அவர்கள் கண்கள் திரையின் அடியிலிருந்த ஆங்கில வரிகளிலேயே நிலைத்திருந்தன. எது ஷவ்கியின் ஃபுஸ்ஹா, எது பைரம் அத்தூனிஸியின் பேச்சுமொழி என்று கேட்டேன், விடையில்லை. மொழிபெயர்ப்பு வரிகள் இரண்டையும் ஒரே ஆங்கிலமாக்கியிருந்தன. படத்தைக் குறைகூற எழுந்த நான் சற்றுத் தயங்கினேன். அரபியைக் கண்ணுக்குரிய மொழியாக, நஹ்வு ஆராய்வதற்குரிய ஏடாக மட்டுமே கற்பித்தவர்கள் நாங்கள் அல்லவா?

படம் முடிந்த பின் ‘நஹ்ஜுல் புர்தா’ ஒலிப்பதிவை மட்டும் போட்டேன். காட்சியில்லை, எழுத்துமில்லை. சில அடிகளுக்குள் காயல்பட்டினத்து மாணவர் ஒருவர் விரலால் மேசையில் தாளமிட்டார். பூஸீரி (ரஹ்) அவர்களின் புர்தாவை அவர் ஊரில் கேட்டு வளர்ந்தவர். அதே பஸீத் சந்தம், அதே மீம் எழுத்து இயைபு! பொருள் விளங்குமுன் சந்தம் அவருக்கு விளங்கிவிட்டது. பின்னர் பொருளும் அடியடியாக வந்தது.

படத்தை நம் கல்லூரிகளில் காட்டலாம், காட்டவும் வேண்டும். ஒரு நாட்டின் வரலாறு ஒரு குரலில் எவ்வாறு தங்கியது என்பதை அது நேர்மையாகச் சொல்கிறது. ஆனால் அதற்கு முன்போ பின்போ ஒரு கஸீதாவையேனும் முழுமையாகக் கேட்கச் செய்ய வேண்டும். அந்த ஒரு மணி நேரத்தைத் திரைப்படம் தர இயலாது, ஆசிரியர் தரலாம்.